நான்கெல்லை

என் பெயர் மங்கையர்க்கரசி.
ஆங்கிலத்தில் எழுதினால் பதினாறு கட்டம்.
அப்பா கலியபெருமாளுக்கு இன்னும் பதின்மூன்று.
இரண்டாயிரத்து மூன்றில், தோ பாயோவில்,
வீவக படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு
அவர் சிரித்தார்:
"உன் பேரு கட்டத்தவிட்டுக் கீழ விழுந்துரும் போலிருக்கே.
உரிமையாளர் இடத்துல என் பேரே போதும்."
நானும் சிரித்தேன்.
நல்ல நகைச்சுவைதான், இப்போதும் சொல்வேன்.
கீழே வேறொரு பகுதி இருந்தது:
உடன் குடியிருப்போர்.
அங்கே என் பெயர் முழுசாகவே பிடித்தது.

எனக்கு வேலை சொத்துப் பத்திரங்கள்.
பீப்பிள்ஸ் பார்க், நான்காம் மாடி,
வழக்கறிஞர் அறைக்கு வெளியே ஒரு மேசை.
யார் வாங்கினாலும் யார் விற்றாலும்
சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.
பூன் லேயிலிருந்து பாசிர் ரிஸ் வரை
ரயில் போகும் வழியெங்கும்
யார் யார் வீட்டுப் பத்திரத்திலோ இருக்கிறேன்,
பக்கத்தின் அடியில், சற்றே சாய்ந்து.

அவர் கெட்டவர் என்று எழுதினால்
கவிதை சுலபமாகிவிடும்.
ஒரு சனிக்கிழமை மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.
"என் வீட்டுல கரண்டு பில்லு..." என்று
ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.
மீதி வாக்கியம் காதில் விழவில்லை.
மீன் ஒரு பக்கம் கருகிற்று.
திருப்பிப் போட்டேன்.

அவர் மசே நிதி வீட்டுக்குப் போனது.
என் சம்பளம் அரிசிக்கு, துணைப்பாடத்துக்கு,
இரண்டு முறை சுவருக்குச் சாயமடிக்க.
சாப்பிட்டதற்கெல்லாம் பத்திரம் கிடையாது.

எதிர்வீட்டு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் சுலாஸ்திரி
மின்தூக்கிக்குக் காத்திருக்கையில்
கைபேசியை நீட்டினாள்.
பிளிதாரில் வயல். பதினொரு வருடச் சம்பளம்.
பச்சைக்கு நடுவே ஓர் ஆள்,
இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.
யார் நாமா, என்று கேட்டேன்.
அண்ணன் நாமா, என்றாள்.
நான் இங்கே இருந்தால் அங்கே யார் கையெழுத்துப் போடுவது?
மலாயில் பெயருக்கு நாமா.
நம்மிடம் அதைக் குழைத்து நெற்றியில் போடுவார்கள்.
இதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள்
கதவு திறந்துவிட்டது.

பிரிந்த பிறகுதான் வேடிக்கை தெரிந்தது.
உரிமையாளர் இல்லை என்பதால்
என் மசே நிதியை எந்த வீடும் தொடவில்லை.
இருபத்திரண்டு வருடமாக
அது பாட்டுக்கு வளர்ந்திருந்தது,
யாரும் கவனிக்காத பிள்ளையைப் போல.

செம்பவாங்கில் ஈரறை வீடு.
அதிகாரி இளைஞன், பெயர்ப்பட்டையில் ஹைக்கல்.
பேனாவைக் கொடுத்தான்.
என் கை நேராகப் பக்கத்தின் அடிக்குப் போய்
சாட்சி என்ற இடத்தில்
சாய்வாகக் கையெழுத்திட்டது.
அவன் பார்த்தான். நான் பார்த்தேன்.
"பரவாயில்லை மேடம்," என்று
புதுத்தாள் அச்சிடப் போனான்.
அந்த அச்சு இயந்திரம்
அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து எப்போதாவது
எங்கள் அலுவலகத்துக்கு வரும் பத்திரங்களில்
இன்னார் வயலுக்கு வடக்கு,
வாய்க்காலுக்குக் கிழக்கு என்று
நான்கெல்லை சொல்லியிருப்பார்கள்.
எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்:
கப்பல் பட்டறை விளக்குகளுக்குத் தெற்கு,
பக்கத்துக் கட்டடத்துத் துணிக்கழிகளுக்கு மேற்கு,
நள்ளிரவில் கோலி உருட்டும் பதின்மூன்றாம் மாடிக்குக் கீழ்,
பூண்டு வதங்கும் பதினொன்றாம் மாடிக்கு மேல்.
இதற்குட்பட்ட
நாற்பத்தாறு சதுர மீட்டர் காற்று.
மண் இல்லை.
தொண்ணூற்றொன்பதில் மீதி எழுபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை சுலாஸ்திரி வந்தாள்,
கையில் ஒரு பை ரம்புத்தான்.
அறை அறையாகப் பார்த்தாள்,
இருப்பதே இரண்டுதான், இரண்டு முறை பார்த்தாள்.
பிறகு கைபேசியை எடுத்து
கூடத்தின் நடுவில் நிற்கச் சொன்னாள்.
நின்றேன்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
"இடுப்பில்," என்றாள்.